தேர்ந்தெடுத்தது ஒரு வரி, குறி விழுந்தது வேறு வரி: பைத்தான் ஸ்கிரிப்ட் சிக்கல்

1. பெட்டியடிப் பையன் (காரைக்குடி), சனி காலை 9:40

எல்லாருக்கும் வணக்கம். மூன்று நாளாக மண்டை காய்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எங்கள் வளவில் (பூர்வீக வீட்டில்) ஐயாவுடைய அப்பச்சி காலத்துப் பேரேடுகள் கிடக்கின்றன. அவர் பர்மாவுக்குக் கொண்டுவிக்க (தொழில் செய்ய) போனவர். விபவ வருடத்து (1928–29) நாள்வழி (அன்றாடக் கணக்கேடு) ஒன்றை நானும் தங்கச்சியும் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறோம். வேலையெல்லாம் நோட்பேட் பிளஸ் பிளஸ் என்ற எடிட்டரில். ஒரு பதிவைத் தேர்ந்தெடுத்துக் குறுக்குவிசையை அழுத்தினால் அதன் முன்னால் ௷ (வரவு) அல்லது ௶ (பற்று) விழவேண்டும், பின்னால் ஒரு நேர்கோடு விழவேண்டும். இதற்காக நண்பர் ஒருவர் பைத்தான் ஸ்கிரிப்ட் என்ற செருகுநிரலில் (எடிட்டரைப் பைத்தான் மொழியால் இயக்கும் துணை நிரல்) இருபது வரி எழுதிக் கொடுத்திருந்தார். பழைய மடிக்கணினியில் ஒரு வருடம் ஓடியது, ஒரு குறையும் இல்லை.

போன வாரம் அந்த மடிக்கணினி உயிரை விட்டது. புதியதில் நோட்பேட் பிளஸ் பிளஸ் நிறுவி, பழைய வன்தட்டிலிருந்து பிளகின்ஸ் கோப்புறையை அப்படியே அள்ளிப் போட்டேன். மெனுவில் பைத்தான் ஸ்கிரிப்ட் என்ற பெயரே காணோம். திறக்கும்போது ஏதோ ஒத்துவரவில்லை என்று ஒரு பெட்டி வந்து போகிறது. என்ன செய்யலாம்?

2. மகர்நோன்புப் பொட்டல், சனி காலை 10:05

கேள்விக்குறி மெனுவில் டீபக் இன்ஃபோ என்று இருக்கும், அதைத் திறந்து முதல் வரியைப் பாருங்கள். 64 பிட் என்று வரும். பழையது 32 பிட்டாக இருந்திருக்கும். 32 பிட்டுக்குக் கட்டிய டிஎல்எல் (செருகுநிரல் கோப்பு) 64 பிட் நிரலுக்குள் ஏறவே ஏறாது. எத்தனை தடவை நகலெடுத்தாலும் அதே கதைதான்.

இன்னொன்று. 2018இல் வந்த 7.6 பதிப்பிலிருந்து ஒவ்வொரு செருகுநிரலும் தன் பெயரிலேயே உள்ள தனிக் கோப்புறைக்குள் இருக்கவேண்டும். பழைய முறையில் டிஎல்எல்லை வெளியில் போட்டால் அது கண்டுகொள்ளாது.

அள்ளிப் போட்டதை அழித்துவிட்டு, பிளகின்ஸ் அட்மினில் பைத்தான் ஸ்கிரிப்டைத் தேடி நிறுவுங்கள். உங்கள் நண்பர் எழுதிய கோப்பு மட்டும் போதும், அதைப் பயனர் ஸ்கிரிப்ட் கோப்புறையில் போட்டுக்கொள்ளலாம்.

3. கானாடுகாத்தான், சனி காலை 10:20

இந்தக் காலத்தில் இன்னும் நோட்பேட் பிளஸ் பிளஸா? விஷுவல் ஸ்டுடியோ கோடுக்கு மாறிவிடுங்கள். நானும் வீட்டுக் கணக்கு ஏடுகளை அதில்தான் ஏற்றுகிறேன். இந்தத் தலைவலி எதுவும் இல்லை.

4. பெட்டியடிப் பையன், சனி காலை 11:15

பொட்டல் அண்ணே, நீங்கள் சொன்னதுதான். புதியது 64 பிட். அட்மின் வழியாக நிறுவினேன், மெனு வந்துவிட்டது, ஸ்கிரிப்ட் பெயரும் தெரிகிறது. ஆனால் அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. பிழைச் செய்திகூட இல்லை, சுவரில் மோதிய பந்து திரும்பி வராதது மாதிரி.

கானாடுகாத்தான் அண்ணே, தங்கச்சிக்கு இந்தத் திரைதான் பழக்கம். இப்போது மாற்றினால் அவள் பேரேட்டை மூடிவைத்துவிட்டுப் போய்விடுவாள்.

5. தேவகோட்டை ஆச்சி, சனி காலை 11:30

பிழைச் செய்தி வராமல் இருக்காது தம்பி. வருகிற இடத்தை நீங்கள் திறக்கவில்லை. பிளகின்ஸ், பைத்தான் ஸ்கிரிப்ட், ஷோ கன்சோல். திறந்துவைத்துக்கொண்டு ஒரு தடவை ஓட்டுங்கள். கீழே சிவப்பில் என்ன வருகிறதோ, அதன் கடைசி வரியை மட்டும் இங்கே தமிழில் சொல்லுங்கள்.

6. பெட்டியடிப் பையன், சனி காலை 11:42

வந்தது ஆச்சி. தொடரியல் பிழை, பிரின்ட்டை அழைக்கும்போது அடைப்புக்குறி இல்லை என்கிறது. 14ஆம் வரி.

7. தேவகோட்டை ஆச்சி, சனி பகல் 12:10

அப்படியானால் உங்கள் நண்பர் எழுதியது பைத்தான் 2க்கு. பைத்தான் ஸ்கிரிப்ட் செருகுநிரலின் பழைய பதிப்புகளில் உள்ளே இருந்தது 2.7. 3.0 பதிப்பிலிருந்து பைத்தான் 3. பைத்தான் 2க்கு 2020 ஜனவரி 1 அன்றே காரியம் முடித்துவிட்டார்கள். அதனால் பழையதைத் தேடிப் பிடித்து நிறுவவேண்டாம்.

மெனுவில் ஸ்கிரிப்ட் பெயரைக் கன்ட்ரோல் விசையோடு சொடுக்கினால் அது ஓடாமல் திருத்தத் திறக்கும். பிரின்ட் வருகிற இடங்களில் அடைப்புக்குறி போடுங்கள்.

ஆனால் அதோடு நிற்காது என்று எனக்குப் படுகிறது. இரண்டிலிருந்து மூன்றுக்கு வரும்போது தமிழ் வைத்திருப்பவர்களுக்கு உண்மையான செலவு பிரின்ட்டில் இல்லை.

8. பெட்டியடிப் பையன், சனி பிற்பகல் 3:25

ஆச்சி, உங்கள் வாய் முகூர்த்தம் பலித்துவிட்டது.

ஸ்கிரிப்ட் ஓடுகிறது. ஓடாமலே இருந்திருக்கலாம். 300ஆம் வரியைத் தேர்ந்தெடுத்து அழுத்துகிறேன், வரவுக் குறி 125ஆம் வரிக்குப் பக்கத்தில் போய் விழுகிறது. 40ஆம் வரியில் செய்தால் 17இல். கோப்பின் முதல் இரண்டு மூன்று வரியில் செய்தால் கிட்டத்தட்ட சரியான இடம். கீழே போகப் போகத் தூரம் கூடுகிறது.

அதைவிட மோசம், விழுகிற இடத்தில் எழுத்து உடைகிறது. ‘இரங்கோன்’ என்ற சொல்லின் நடுவில் விழுந்ததில் ஓர் எழுத்து காணாமல் போய், குறிக்கு இந்தப் பக்கம் கறுப்புக் கட்டத்தில் எக்ஸ்-ஈ-0, அந்தப் பக்கம் எக்ஸ்-ஏ-ஈ என்று இரண்டு மூன்று கட்டங்கள். நல்ல வேளை, சேமிக்கவில்லை.

ஆங்கில எழுத்தில் ஒரு சோதனைக் கோப்பு செய்து பார்த்தேன். அதில் அச்சுப் பிசகாமல் வேலை செய்கிறது!

9. மகர்நோன்புப் பொட்டல், சனி பிற்பகல் 3:40

வரிமுடிவு மாறியிருக்குமோ? விண்டோஸ் வரிமுடிவு இரண்டு பைட், யூனிக்ஸில் ஒன்று. வரிக்கு ஒன்றாகத் தள்ளிக்கொண்டே போனால் கீழே போகப் போகத் தூரம் கூடத்தானே செய்யும்?

10. பெட்டியடிப் பையன், சனி பிற்பகல் 3:58

மாற்றிப் பார்த்தேன் அண்ணே. இரண்டிலும் அதே கூத்துதான்.

11. மாகாணி, சனி மாலை 4:30

பொட்டல் சொன்னது தப்பான யோசனை இல்லை, ஆனால் அளவு ஒத்துவராது. வரிக்கு ஒரு பைட் பிசகினால் 300 வரியில் 300 பைட் தள்ளும், அதாவது சில வரி. இங்கே 175 வரி தள்ளியிருக்கிறது. இது கூட்டல் பிழை மாதிரி இல்லை, பெருக்கல் பிழை.

300ஐ 125ஆல் வகுங்கள். 2.4. 40ஐ 17ஆல் வகுத்தாலும் ஏறக்குறைய அதேதான். யூடிஎஃப்-8இல் (உரையைப் பைட்டாகச் சேமிக்கும் முறை) ஒரு தமிழ்க் குறியீடு 3 பைட். இடைவெளி, சாதாரண எண், காற்புள்ளி எல்லாம் 1 பைட். சராசரி 2.4 என்றால் உங்கள் கோப்பில் பத்துக்கு ஏழு தமிழ், மூன்று இடைவெளியும் மற்றதும். நாள்வழிக்கு அது பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆகவே ஸ்கிரிப்ட் எழுத்தை எண்ணிச் சொல்கிறது, எடிட்டர் அதைப் பைட் என்று எடுத்துக்கொள்கிறது.

ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நோட்பேட் பிளஸ் பிளஸுக்கு உள்ளே இருப்பது சின்டில்லா என்ற எடிட்டர் பகுதி. அதற்கு ‘இடம்’ என்றால் கோப்பின் தொடக்கத்திலிருந்து எத்தனையாவது பைட் என்பதுதான். எழுத்தைப் பற்றி அதற்குக் கவலை இல்லை.

ஒரு வெற்றுக் கோப்பில் காரைக்குடி என்று மட்டும் தட்டுங்கள். கண்ணுக்கு 5 எழுத்து: கா, ரை, க், கு, டி. யூனிகோடுக்கு 10: க, கால், ர, ஐகாரக் கொம்பு, க, புள்ளி, க, உகரக் குறி, ட, இகரக் குறி. கீழே நிலைப்பட்டையில் லெங்த் என்ற இடத்தைப் பாருங்கள், 30 என்று இருக்கும். ஒரே ஊர், மூன்று கணக்கு.

கறுப்புக் கட்டங்களுக்கும் இதுதான் காரணம். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் முதல் பைட் அந்த எக்ஸ்-ஈ-0தான். மூன்று பைட்டின் நடுவே குறியைச் செருகினால் எழுத்து இரண்டாகக் கிழியும். கண்ணை மூடிக்கொண்டு ஒரு தமிழ்ச் சொல்லுக்குள் செருகினால் மூன்றில் இரண்டு தடவை கிழியத்தான் செய்யும். ஆங்கிலத்தில் ஓர் எழுத்து ஒரு பைட், அதனால் அந்தச் சோதனைக் கோப்பு உங்களுக்குப் பொய் சொல்லிவிட்டது.

இனி எங்காவது கிழிந்திருப்பதைப் பார்த்தால் பதறவேண்டாம். நடுவில் விழுந்த குறியை மட்டும் அழியுங்கள், பைட்டுகள் மறுபடி பக்கத்தில் பக்கத்தில் வந்து எழுத்து ஒட்டிக்கொள்ளும்.

12. தேவகோட்டை ஆச்சி, சனி மாலை 5:15

மாகாணி சொன்னதற்கு மேல் ஒரே ஒரு கேள்விதான் மிச்சம்: பழையதில் எப்படி ஓடியது?

பைத்தான் 2இல் எடிட்டரிடம் உரையைக் கேட்டால் பைட்டாகவே கொடுத்தது. ஸ்கிரிப்டும் பைட்டை எண்ணியது, எடிட்டரும் பைட்டை எண்ணியது, இருவர் தப்பும் ஒரே தப்பாக இருந்ததால் கணக்கு நேராகிவிட்டது. பைத்தான் 3 உரையை எழுத்தாகப் பிரித்துக் கொடுக்கிறது. அதுதான் நல்லது, ஆனால் இப்போது இருவரும் வேறு வேறு நாணயத்தில் பேசுகிறார்கள்.

தம்பி தனியே அனுப்பிய ஸ்கிரிப்டைப் பார்த்தேன். தேர்ந்தெடுத்த உரையை வாங்குகிறது, முழுக் கோப்பையும் வாங்குகிறது, அது இதில் எங்கே இருக்கிறது என்று ஃபைண்ட் போட்டுத் தேடுகிறது, கிடைத்த எண்ணை இன்சர்ட்டெக்ஸ்டிடம் கொடுக்கிறது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பது இதுதான். எங்கே தேர்ந்தெடுத்தோம் என்பது எடிட்டருக்கே தெரியும். கெட் செலெக்‌ஷன் ஸ்டார்ட், கெட் செலெக்‌ஷன் எண்ட் என்று இரண்டு அழைப்பு இருக்கிறது. அவை தருவதும் பைட், இன்சர்ட்டெக்ஸ்ட் கேட்பதும் பைட். நடுவில் பைத்தானை எண்ணவிடாதீர்கள்.

எழுதும்போது முதலில் முடிவிடத்தில் நேர்கோட்டைப் போடுங்கள், பிறகு தொடக்கத்தில் ௷. மாற்றிச் செய்தால் முன்னால் போட்ட ௷ 3 பைட் தின்றுவிடும், முடிவிடம் 3 பைட் தள்ளிப்போயிருக்கும், கோடு கடைசி எழுத்துக்கு உள்ளே விழும். இரண்டையும் பிகின் அன்டூ ஆக்‌ஷன், எண்ட் அன்டூ ஆக்‌ஷன் இரண்டுக்கும் நடுவில் வையுங்கள். அப்போதுதான் கன்ட்ரோல் இசட் ஒரு தடவை அழுத்தினால் இரண்டும் சேர்ந்து போகும்.

எங்காவது எழுத்து எண்ணைப் பைட் எண்ணாக மாற்றியே தீரவேண்டும் என்றால், அந்த இடம் வரை உள்ள உரையை வெட்டி, யூடிஎஃப்-8ஆக என்கோட் செய்து, அதன் நீளத்தை எடுங்கள். பெரிய கோப்பில் மெதுவாக இருக்கும், ஆனால் தப்பாக இருக்காது.

இன்னொன்று சொல்லவேண்டும், கோபித்துக்கொள்ளக் கூடாது. ஃபைண்ட் எப்போதும் முதல் இடத்தைத்தான் சொல்லும். ஒரே மாதிரிப் பதிவு இரண்டு தடவை வந்திருந்தால் பழைய கணினியிலும் குறி முதலாவதில்தான் விழுந்திருக்கும். வட்டிக் கணக்கில் ஒரே வரி மாதாமாதம் வராதா என்ன? “ஒரு குறையும் இல்லை” என்றீர்களே, ஒரு தடவை பழைய பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள்.

13. பெட்டியடிப் பையன், சனி இரவு 8:50

ஆச்சி, கைகூப்பிக்கொள்கிறேன். இருபது வரி ஏழு வரியாகிவிட்டது, 300ஆம் வரியில் அழுத்தினால் 300ஆம் வரியில் விழுகிறது.

பழைய பக்கங்களையும் பார்த்தேன். மார்கழியிலும் தையிலும் ஒரே ஆளிடமிருந்து ஒரே தொகை நடப்பு வட்டி. மார்கழிப் பதிவுக்கு முன்னால் ௷௷ என்று இரண்டு குறி உட்கார்ந்திருக்கிறது, தைப் பதிவு மொட்டையாக இருக்கிறது. இப்படி மூன்று இடம். ஒரு வருடமாக அந்தப் பக்கங்களைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இனி அடுத்த சிக்கல். தங்கச்சி சுட்டி வைத்துக்கொள்ள மாட்டாள், ஷிப்ட்டும் வலது அம்புக்குறியும்தான். தேர்வு எழுத்தின் நடுவிலேயே நிற்கிறது. ‘கு’வில் ‘க’ மட்டும் நீலமாகி, உகரம் வெளியே நிற்கும். அதில் ஸ்கிரிப்டை ஓட்டினால் க-வுக்கும் உகரத்துக்கும் நடுவில் நேர்கோடு விழுகிறது. கறுப்புக் கட்டம் இல்லை, ஆனால் உகரம் மட்டும் ஒரு புள்ளி வட்டத்தைப் பிடித்துக்கொண்டு அனாதையாக நிற்கிறது.

14. மாகாணி, ஞாயிறு காலை 7:20

இப்போது பைட் சரி, குறியீடு எண்ணில் மாட்டிக்கொண்டீர்கள். அம்புக்குறி ஒரு தட்டுக்கு ஒரு யூனிகோட் குறியீடு நகர்கிறது, ஓர் எழுத்து இல்லை. காரைக்குடியைக் கடக்க 5 தட்டு போதாது, 10 வேண்டும்.

நம் பக்கத்தில் கல்யாணமாகித் தனிக் கணக்கு வந்துவிட்டால் அது ஒரு புள்ளி (ஒரு குடும்பம்), கோயில் வரியும் அதற்குத் தனியாக. யூனிகோடிலும் அதே சட்டம்தான். க் என்று ஒட்டிக்கொண்டு இருந்தாலும் புள்ளிக்குத் தனி எண் (3021), தனியாக 3 பைட். பழைய ஏட்டில் புள்ளி வைக்காமலே எழுதிக்கொண்டு போனார்கள், அப்படியே தட்டினால் பைட்டாவது மிச்சமாகும்.

செய்யவேண்டியது இது. குறியைப் போடுவதற்கு முன்னால் தேர்வின் முடிவிடத்துக்கு அடுத்த குறியீட்டைப் பாருங்கள். பைத்தானில் யூனிகோட்டேட்டா என்ற மாட்யூல் இருக்கிறது, அதில் கேட்டகிரியைக் கேட்டால் உயிர்மெய்க் குறிகளுக்கும் புள்ளிக்கும் எம்-மில் தொடங்கும் வகை வரும். அப்படி வந்தால் பொசிஷன் ஆஃப்டர் என்ற அழைப்பால் ஓர் இடம் நகருங்கள், மறுபடி பாருங்கள், எம் வராத வரை. தொடக்க இடத்துக்கு இதையே பின்னோக்கி: தேர்வு ஒரு துணைக்குறியில் தொடங்கினால் பொசிஷன் பிஃபோர். க்ஷ, ஸ்ரீ இரண்டுக்கும் தனியாக ஒரு விதி எழுதவேண்டும். அவை புள்ளிக்குப் பிறகும் அடுத்த மெய்யோடு ஒட்டுகிறவை. ஸ்ரீ பார்க்க ஒன்று, உள்ளே நான்கு குறியீடு, 12 பைட்.

‘ஐந்தொகை’ என்று தேடிக் கிடைக்காமல் போயிருக்கிறதா? ‘தொ’வில் ஒகரக் குறி ஒரே குறியீடாகவும் (3018) இருக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாகவும் (3014, 3006) இருக்கலாம். திரையில் இரண்டும் ஒன்று. ஒன்று 21 பைட், மற்றது 24. இருவர் இரண்டு விசைப்பலகையில் தட்டினால் இது வரும். இரண்டு வடிவத்தையும் ஒன்றாக்க யூனிகோட்டேட்டாவில் நார்மலைஸ் இருக்கிறது, என்எஃப்சி (சேர்ந்த வடிவம்) என்று கொடுத்து முழுக் கோப்பையும் ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.

15. பள்ளத்தூர், ஞாயிறு காலை 9:05

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். நான் பைத்தான் புதிது. தேர்ந்தெடுத்த பகுதியில் எத்தனை சொல் என்று எண்ண, ரீஜெக்ஸில் (வடிவத்தை வைத்துத் தேடும் முறை) பின்சாய்வு டபிள்யூ, பிளஸ் என்று போட்டேன். ‘காரைக்குடி’ ஒரு சொல்தானே? ஐந்து என்கிறது. பட்டியலைப் பார்த்தால் க, ர, க, க, ட. எங்கே தப்பு?

16. மாகாணி, ஞாயிறு காலை 9:25

உங்கள் மேல் தப்பில்லை. பைத்தானோடு வரும் ரீ மாட்யூலுக்கு எழுத்தும் எண்ணும் அடிக்கோடும்தான் சொல்லின் பகுதி, துணைக்குறிகள் இல்லை. அதனால் ஒவ்வொரு துணைக்குறியிலும் சொல்லை வெட்டுகிறது. ரீஜெக்ஸ் என்ற பெயரிலேயே தனியாக ஒரு மாட்யூல் கிடைக்கிறது, அதில் துணைக்குறியும் சேர்த்தி. பின்சாய்வு எக்ஸ் (பெரிய எழுத்து) போட்டால் கண்ணுக்குத் தெரிகிற எழுத்தாகவே எண்ணும். நிறுவ முடியாவிட்டால் 2944 முதல் 3071 வரை உள்ள தமிழ் வரிசையை நீங்களே சதுர அடைப்புக்குள் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் சோதனை ஸ்கிரிப்டுக்கு ரீ என்றோ ஸ்டிரிங் என்றோ பெயர் வைக்காதீர்கள். மாட்யூலை அழைத்தால் உங்கள் கோப்பே ஓடிவந்து நிற்கும். நான் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை அதில் தொலைத்திருக்கிறேன்.

17. பெட்டியடிப் பையன், ஞாயிறு பகல் 12:40

கொஞ்சம் பேராசைப்பட்டுவிட்டேன். மாகாணி சொன்னதைக் குறி போடும்போது மட்டும் செய்யாமல், தேர்வு மாறும்போதெல்லாம் தானாகவே எழுத்தின் எல்லைக்கு நகரும்படி கால்பேக் (ஒன்று நடந்தால் தானாக ஓடும் நிரல்துண்டு) வைத்தேன். முதலில் அருமையாக ஓடியது. அப்புறம் அதே கோப்பில் குறி போடுவதையும் ஒரு கால்பேக் ஆக்கினேன். சிறிது திருத்தி மறுபடி ஓட்டினேன், குறி இரண்டு விழுந்தது. மறுபடி திருத்தினேன், மூன்று. இப்போது ஒரு தட்டுக்கு ௷௷௷௷௷. இவ்வளவு வரவு உண்மையிலேயே வந்திருந்தால் வளவுக்கு ஓடு மாற்றியிருக்கலாம்.

18. தேவகோட்டை ஆச்சி, ஞாயிறு பிற்பகல் 1:30

ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் புதிதாக ஒரு கால்பேக் பதிவாகிறது, பழையது போகவில்லை. ஐந்து தடவை ஓட்டினீர்கள், ஐந்து ஆள் வாசலில் நிற்கிறார்கள். ஸ்கிரிப்டின் முதல் வரியில் கிளியர் கால்பேக்ஸ் போடுங்கள்.

எல்லை நகர்த்துவதை ஸ்டார்ட்அப் கோப்பில் வைத்தால் நோட்பேட் பிளஸ் பிளஸ் திறந்ததும் ஓடும். ஆனால் செருகுநிரலின் கான்ஃபிகரேஷனில் இனிஷியலைசேஷன் என்ற இடம் லேஸி என்று இருக்கும், அதை அட் ஸ்டார்ட்அப் என்று மாற்றவேண்டும். மாற்றாவிட்டால் முதல் தடவை ஏதாவது ஒரு ஸ்கிரிப்டைத் தொடுகிற வரை அது தூங்கும்.

குறி போடுவதைக் கால்பேக் ஆக்கியது வேண்டாத வேலை. அதை விசையிலேயே வையுங்கள். பேரேட்டில் தானாக எதுவும் எழுதக் கூடாது.

19. மகர்நோன்புப் பொட்டல், ஞாயிறு பிற்பகல் 2:00

ஆல்ட், ஷிப்ட் சேர்த்துப் பத்தியாகத் தேர்ந்தெடுப்பதை யாராவது தமிழில் முயன்றதுண்டா? எனக்குக் கோடு நேராக வருவதே இல்லை. ‘ணை’ அகலம் ஒன்று, ‘ர’ அகலம் ஒன்று. நான் அதைக் கைவிட்டு டேப் வைத்துப் பிரித்துக்கொண்டேன்.

20. மாகாணி, ஞாயிறு பிற்பகல் 2:10

அதுதான் ஒரே வழி. டேப் போடுங்கள், விட்டுத்தள்ளுங்கள்.

21. கானாடுகாத்தான், ஞாயிறு மாலை 4:45

நேற்று பெரிய வாயாகப் பேசிவிட்டேன், இன்று என் கதையைக் கேளுங்கள்.

விஷுவல் ஸ்டுடியோ கோடில் நானே எழுதிய நீட்சி, தேர்ந்தெடுத்த தொகைக்கு நிறம் கொடுக்கும். பைட் சிக்கல் இல்லைதான். ஆனால் நேற்று மாகாணியின் கணக்கைப் படித்துவிட்டு என் கோப்பைச் சோதித்தேன். ஏட்டில் உள்ள கால், அரைக்கால், மாகாணிக் குறிகளை நான் அப்படியே ஏற்றியிருக்கிறேன். அந்தக் குறி வருகிற வரியில் மட்டும் நிறம் ஓரிடம் தள்ளி விழுகிறது. இரண்டு குறி இருந்தால் இரண்டு இடம். இத்தனை நாள் திரைக் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

22. மாகாணி, ஞாயிறு மாலை 5:10

என் பெயரைச் சொல்லியே வம்புக்கு இழுக்கிறீர்கள்.

தமிழ்ப் பின்னக் குறிகள் யூனிகோடுக்குள் வந்தது 2019இல், 12.0 பதிப்பில், தமிழ் துணைத் தொகுதி என்று. பின்னமும் அளவைகளும் மற்றவையுமாக 51 குறி. பழைய தமிழ் வரிசையில் இடம் இல்லை, அதனால் எட்டாக் கையில் 73664இலிருந்து தொடங்குகிறது. 65535க்கு மேல் போய்விட்டாலே யூடிஎஃப்-8இல் 4 பைட், யூடிஎஃப்-16 என்ற இன்னொரு முறையில் ஒன்றுக்கு இரண்டு அலகு. உங்கள் எடிட்டரும் ஜாவாஸ்கிரிப்டும் எண்ணுவது அந்த அலகை. பைத்தான் 3 அதே குறியை ஒன்று என்று எண்ணும். நீங்கள் நிறம் கொடுக்கும் இடங்களைப் பைத்தானில் கணக்கிட்டு நீட்சிக்கு அனுப்புகிறீர்கள், சரிதானே?

நோட்பேட் பிளஸ் பிளஸில் இந்தக் குறிகள் கட்டமாகத் தெரிந்தால் விருப்பத்தேர்வுகளில் டைரக்ட்ரைட்டை இயக்கிப் பாருங்கள், நோட்டோவின் தமிழ் துணை எழுத்துருவையும் நிறுவிக்கொள்ளுங்கள்.

23. கானாடுகாத்தான், ஞாயிறு மாலை 5:18

சரிதான். அதேதான். ஆக, எடிட்டரை மாற்றினால் தலைவலியும் மாறிக்கொள்ளும், அவ்வளவே.

24. பெட்டியடிப் பையன், புதன் இரவு 9:30

கடைசியாக ஒன்று, பிறகு தொந்தரவு செய்யமாட்டேன்.

ஸ்கிரிப்ட் எல்லாம் சரியான பிறகு, தேர்ந்தெடுத்த மாதத்தின் வரவையும் பற்றையும் கூட்ட இன்னொன்று எழுதினேன். ஏட்டில் உள்ள தமிழ் எண்களை அப்படியேதான் தட்டியிருக்கிறோம். உரையை எண்ணாக மாற்றும் பைத்தானின் இன்ட்டுக்கு ௧௫௦ என்று கொடுத்தால் 150 என்று தயங்காமல் சொல்கிறது, அதைப் பார்த்து நான் துள்ளாத குறை. ஆனால் ஏட்டில் அவர் போட்ட கூட்டுத்தொகைக்கும் என்னுடையதற்கும் 210 ரூபாய் துண்டு விழுந்தது.

மூன்று நாள் தேடினேன். பைட் எண்ணினேன், புள்ளி எண்ணினேன், நார்மலைஸ் செய்தேன். ஒன்றும் இல்லை. கடைசியில் ஒரு வரியில் ௧௫௦ஐத் தேர்ந்தெடுத்துக் கன்சோலில் ஒவ்வொரு குறியீடாக எண்ணைக் காட்டச் சொன்னேன். முதல் எண் 3047 வரவேண்டும். வந்தது 2965.

அது எண் ௧ இல்லை, எழுத்து க. ரீஜெக்ஸ் அதை எழுத்து என்று தாண்டிவிட்டு மிச்சமிருந்த ௫௦ஐ மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறது. அதில் ஒரு நூறு போயிற்று. இன்னோர் இடத்தில் இன்னொரு நூறு, வேறோர் இடத்தில் ௧௨ இரண்டாகிப் பத்து.

எண்ணுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிற க, உ, ச, எ, அ எல்லாவற்றையும் தேடி மஞ்சளில் காட்டும்படி ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதிவிட்டேன். ‘ரு’வும் ‘சு’வும் சேர்த்துத்தான், ஐந்தும் ஆறும் அப்படித்தான் இருக்கும்.

25. தேவகோட்டை ஆச்சி, புதன் இரவு 9:50

தட்டியது யார், தம்பியா தங்கச்சியா?

26. பெட்டியடிப் பையன், புதன் இரவு 10:05

தங்கச்சிதான். கூப்பிட்டுக் காட்டினேன். ஏட்டை எடுத்துவந்து என் முன்னால் விரித்து, “நீயே படி அண்ணே, இது எண்ணா எழுத்தா?” என்றாள். லாந்தர் வெளிச்சத்தில் எழுதியதோ என்னவோ, பத்து நிமிடம் பார்த்தேன். அவருக்கு இரண்டும் ஒரே சுழிதான்.